ஸ்ட்ராஸ்பூருக்குக் கேஸ் போடுகிறீர்களா? அக்காவிடம் கொஞ்சம் டிப்ஸ்

"கடைசிக் கோர்ட்டும் றிஜெக்ட் அக்கா, இனி ஸ்ட்ராஸ்பூர்தான்" என்று தம்பிமாரோ தங்கச்சிமாரோ வந்து நின்றால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். அந்த முடிவு உங்கள் கைக்கு வந்தது எத்தனையாம் திகதி?

அந்தத் திகதியிலிருந்து உங்களுக்கு நாலு மாதம்தான் இருக்கிறது. ஆறு மாதம் என்று ஆராவது சொல்லியிருப்பார்கள். அது பழைய கணக்கு, இன்னும் எங்கள் ஆட்களின் வாயில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையின் 15ஆம் புரோட்டோகோல் வந்த பிறகு, 2022 பெப்ரவரி 1 முதல் நாலு மாதமாகக் குறைத்துவிட்டார்கள். காரணங்களோடு கூடிய முடிவு மார்ச் 10ஆம் திகதி கைக்குக் கிடைத்தால் ஜூலை 10 நள்ளிரவோடு கதை முடிந்தது. அந்த ஜூலை 10 ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் திங்கட்கிழமை அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். சனி ஞாயிறுக்கு இந்தக் கோர்ட் சலுகை தருவதில்லை.

முழுதாக நிரப்பிய படிவத்தைத் தபாலில் அனுப்ப வேண்டும். தபால் முத்திரையில் உள்ள திகதிதான் கணக்கு. ஃபாக்ஸில் அனுப்பிவைத்தால் நாள் நிற்கும் என்று நம்பியிருக்காதீர்கள், நிற்காது. இன்னொன்று கனபேருக்குத் தெரியாது. படிவத்தில் ஒரு பகுதி நிரப்பாமல் விட்டாலோ, கையெழுத்து விடுபட்டாலோ, முக்கியமான தீர்ப்பின் பிரதி இல்லாவிட்டாலோ உங்கள் மனுவைப் பதிவு செய்யமாட்டார்கள். திரும்பவும் முழுப் படிவத்தையும் நிரப்பி, எல்லாப் பிரதிகளையும் வைத்து, அதே நாலு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். முதல் தடவை அனுப்பிய திகதி உங்களைக் காப்பாற்றாது. அதனால் கடைசிக் கிழமை வரை இழுக்க வேண்டாம். இரண்டாம் மாதம் முடியும் முன்னமே அனுப்பிவிட்டால், பிழை இருந்தாலும் திருத்தி அனுப்ப அவகாசம் இருக்கும். முடிவு வந்த கடித உறையையும் எறியாதீர்கள். எப்போது கிடைத்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

எந்தக் கோர்ட், ஆருக்கு எதிராக?

பிரான்சில் இல் ஆற்றங்கரையில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தைத்தான் சொல்கிறேன். லக்சம்பேர்க்கில் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் கோர்ட், அது வேறு. ஹேக்கில் இருப்பவை அதிலும் வேறு. ஸ்ட்ராஸ்பூர் கோர்ட் ஐரோப்பிய பேரவை என்ற அமைப்பினுடையது. 2022இல் ரஷ்யா வெளியேற்றப்பட்ட பிறகு அதில் 46 நாடுகள் இருக்கின்றன. சுவிசும் நோர்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் இதில் இருக்கின்றன. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டுப் போனபோது இதை விட்டுப் போகவில்லை. லண்டனில் இருக்கிறவர்கள் "பிரெக்சிட்டோடு அதுவும் போய்விட்டது" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

கேஸ் அந்த 46 நாடுகளில் ஒன்றுக்கு எதிராகத்தான் போடலாம். இலங்கைக்கு எதிராகப் போட முடியாது, இந்தியாவுக்கு எதிராகவும் முடியாது. வீட்டுக்காரர், முதலாளி, ஏமாற்றிய ஏஜென்ட் ஆகியோருக்கு எதிராகவும் முடியாது. ஊரில் இராணுவம் செய்ததற்கு இங்கே நீதி கேட்க முடியாது. அந்த இராணுவம் இருக்கிற இடத்துக்கு என்னைத் திருப்பி அனுப்பாதே என்று சுவிசையோ பிரான்சையோ தடுத்து நிறுத்தும்படிதான் கேட்கலாம். இந்த வித்தியாசம் விளங்காமல் எழுதின மனுக்களில் பக்கம் பக்கமாக இலங்கை அரசியல் இருக்கும். மனுக்காரர் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

தனி ஆள் நேரே கதவைத் தட்டலாம் என்பதே சின்ன விஷயம் இல்லை. 1998 நவம்பர் வரைக்கும் ஸ்ட்ராஸ்பூரிலேயே முதலில் ஒரு ஆணைக்குழுவிடம் போக வேண்டியிருந்தது. 11ஆம் புரோட்டோகோல் வந்துதான் அந்த இடைப்படியை எடுத்தார்கள். அமெரிக்கக் கண்டத்தின் மனித உரிமைக் கோர்ட் கொஸ்தாரிக்காவின் சான் ஹோசேயில் இருக்கிறது. அங்கே இன்றைக்கும் தனி ஆள் நேரே போக முடியாது, வாஷிங்டனில் உள்ள ஆணைக்குழுதான் கொண்டுபோக வேண்டும். ஆப்பிரிக்கக் கோர்ட் தன்சானியாவின் அருஷாவில் இருக்கிறது. ஒரு நாடு தனியாக ஒரு பிரகடனம் கையெழுத்திட்டிருந்தால்தான் அந்த நாட்டுக்கு எதிராகச் சனம் நேரே போகலாம். கோர்ட்டைத் தன் மண்ணில் வைத்திருக்கிற தன்சானியாவே 2019இல் அந்தப் பிரகடனத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டது. தெற்காசியாவுக்கு இப்படி ஒரு கோர்ட்டே இல்லை. கொழும்பில் அடிப்படை உரிமை மீறல் மனு என்றால் உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அதற்கு மேலே பிராந்தியத்தில் போக இடமில்லை.

கேஸ் ஸ்ட்ராஸ்பூரில் தொடங்குவதில்லை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். இன்னும் முதல் இன்டர்வியூ முடியாத பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் கதையை முதல் தடவை சொல்கிற இடம் ஸ்ட்ராஸ்பூர் இல்லை. அகதி இன்டர்வியூவில் சொன்னது, அப்பீலில் எழுதினது, அதற்குக் கொடுத்த காகிதம், இவற்றைத்தான் அங்கே எடுத்துப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்களின் கேஸ்களையே எடுத்துப் பார்த்தால் விளங்கும்.

1991இல் ஐந்து தமிழர் பிரித்தானியாவுக்கு எதிராகப் போட்ட கேஸில் தோற்றார்கள். 1988இல் அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். போனவர்களில் மூன்று பேருக்கு அங்கே அடி உதை நடந்தது. அப்படியிருந்தும் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? மற்ற இளம் தமிழ் ஆண்களுக்கு இருக்கிற ஆபத்தைவிட இவர்களுக்குத் தனியாகக் கூடுதல் ஆபத்து இருக்கிறது என்று அனுப்புகிற நேரத்தில் தெரியவில்லை, வெறும் சாத்தியம் மட்டும் போதாது என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பை வாசிக்கும்போதெல்லாம் கோபம்தான் வரும். ஆனால் சட்டம் அப்படித்தான் போனது. "தமிழன் என்றாலே ஆபத்து" என்ற ஒற்றை வரியில் கேஸ் நிற்காது.

2008 ஜூலையில் என்.ஏ. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்பட்ட ஒருவர் அதே பிரித்தானியாவுக்கு எதிராக வென்றார். அப்போதும் கோர்ட் எல்லாத் தமிழருக்கும் பொதுவான ஆபத்து என்று சொல்லவில்லை. அவருடைய விபரங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தது. 1990க்கும் 1997க்கும் இடையில் இராணுவம் அவரை ஆறு தடவை பிடித்திருந்தது. காலில் பொல்லால் அடித்த தழும்பு இருந்தது. படம் எடுத்து, கைரேகை வைத்து, தகப்பன் வந்து கையெழுத்திட்டுத்தான் விட்டிருந்தார்கள். அந்தத் தகப்பனின் கையெழுத்தைக் கவனியுங்கள். அது இருந்ததால்தான் அவருடைய பதிவு அதிகாரிகளிடம் இன்னும் இருக்கக்கூடும் என்ற முடிவுக்குக் கோர்ட் வந்தது. ஒவ்வொன்றும் தனியே போதாமல் இருக்கலாம், சேர்த்துப் பார்த்தால் ஆபத்து என்றது. உங்கள் வீட்டிலும் இப்படிச் "சின்ன" விஷயங்கள் இருக்கும். ஆர் பொலிசுக்குப் போய்க் கூட்டிவந்தது, எதில் கையெழுத்து வைத்தது, ஆர் காசு கொடுத்தது என்பவற்றை அம்மாவிடம் போனில் கேட்டு எழுதி வையுங்கள்.

2013இல் பிரான்சுக்கு எதிராக ஆர்.ஜே. என்பவர் வென்றது ஒரு மருத்துவச் சான்றிதழால். தடுப்பில் இருந்தபோது மருத்துவர் அவருடைய தீக்காயங்களைப் பார்த்து, சில வாரங்களுக்கு முந்தியவை என்று எழுதிக் கொடுத்திருந்தார். பிரெஞ்சு அதிகாரிகள் அவருடைய கதையில் குறை கண்டார்களே தவிர, இந்தக் காயம் எங்கிருந்து வந்தது என்று தேடவில்லை. அதைத்தான் கோர்ட் பிழை என்றது. ஆகவே உடம்பில் தழும்பு இருக்கிறவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் கெதியாக மருத்துவரிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள். காயம் ஆறிவிட்டால் எப்போது பட்டது என்று சொல்வது மருத்துவருக்கும் கஷ்டம். உடம்பில் தெரியாத காயத்துக்கு மனநல மருத்துவரின் அறிக்கையும் உண்டு. பெண்பிள்ளைகளே, பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அண்ணனின் சிநேகிதன் மாதிரி ஒருவர் எதிரே இருந்து மொழிபெயர்த்தால் சொல்ல வேண்டியது தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். பிறகு சொன்னால் "ஏன் முதலில் சொல்லவில்லை" என்பார்கள்.

திகதி ஞாபகம் இல்லையென்றால் கற்பனையாக ஒன்றைச் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம். "சித்திரை வருஷப்பிறப்புக்கு முந்தின கிழமை", "நல்லூர்க் கொடியேறின பிறகு" என்று உண்மையில் ஞாபகம் இருக்கிற மாதிரியே சொல்லுங்கள். பதிவை வாசித்துக் காட்டும்போது தூங்கி வழியாமல் கேட்டு, பிழை இருந்தால் திருத்திவிட்டுத்தான் கையெழுத்து. காசுக்குக் கதை எழுதித் தருகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அதே கதையோடு உங்களுக்கு முன் வேறொருவர் அதே மேசையில் இருந்திருப்பார்.

உள்ளூர்ப் படிகள்

நீங்கள் இருக்கிற நாட்டின் கோர்ட்டுகளையெல்லாம் கடைசிவரை ஏறி முடித்திருக்க வேண்டும். அந்தக் கடைசி எது என்பது நாட்டுக்கு நாடு மாறும். சுவிசில் அகதிக் கேஸுக்குச் சென்காலனில் உள்ள மத்திய நிர்வாக நீதிமன்றத்தோடு முடிகிறது. ஜேர்மனியில் கார்ல்ஸ்ரூவில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கும் போயிருக்க வேண்டும், அதற்கு ஒரு மாதம்தான் தவணை. அதைத் தவறவிட்டால் பொதுவாக ஸ்ட்ராஸ்பூரும் கை நழுவிப்போகும். உங்கள் நாட்டில் எது கடைசி என்று சட்டத்தரணியிடம் முதல் றிஜெக்ட் வந்த அன்றைக்கே கேளுங்கள்.

மறுபரிசீலனை மனு போட்டால் நாலு மாதம் புதிதாக ஓடத் தொடங்கும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பொதுவாக அப்படி ஓடாது. முடிந்துபோன கேஸைத் திறக்கச் சொல்லிக் கேட்கிற விசேட மனுக்கள் இந்தக் கணக்கில் சேருவதில்லை.

ஜெனீவாவில் உள்ள ஐ.நா. குழுக்களிடம் போவதும் ஒரு வழிதான். சுவிசில் இருந்து சித்திரவதைக்கு எதிரான குழுவுக்குப் போன தமிழர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலும் போட முடியாது. அங்கே கொடுத்துவிட்டு இங்கே வந்தால் ஸ்ட்ராஸ்பூர் எடுக்காது. எது உங்களுக்குப் பொருத்தம் என்று யோசித்து ஒன்றைப் பிடியுங்கள்.

படிவம்

கோர்ட்டின் இணையத்தளத்தில் இருக்கிற புதிய படிவத்தையே எடுங்கள். சிநேகிதர் போன வருஷம் தந்த பிரதி வேண்டாம். நடந்ததைச் சொல்ல அதிலேயே சில பக்கங்கள் விட்டிருக்கிறார்கள். போதாவிட்டால் தனியாக இருபது பக்கம் வரை சேர்க்கலாம். ஆனால் அந்த இருபது பக்கத்தை நம்பிப் படிவத்தை வெறுமையாக விட்டால் திரும்பி வரும். படிவத்தை மட்டும் வாசித்தாலே கேஸ் விளங்க வேண்டும். பிறந்து வளர்ந்த கதை வேண்டாம். நடந்தவற்றை ஒழுங்காக, திகதி வரிசையில், ஒவ்வொன்றுக்கும் எந்தக் காகிதம் சாட்சி என்று பக்க எண்ணோடு எழுதுங்கள்.

எந்த உரிமை மீறப்பட்டது என்ற பகுதியில் கனபேர் 6ஆம் உறுப்புரை, அதாவது நியாயமான விசாரணை, என்று போடுகிறார்கள். அகதி, விசா, நாடுகடத்தல் விஷயங்களுக்கு அது பொருந்தாது என்று 2000இலேயே கோர்ட் சொல்லிவிட்டது. சித்திரவதை, கொடுமை என்றால் 3, குடும்பத்தைப் பிரிப்பது என்றால் 8, நாட்டுக்குள்ளே ஒழுங்காக முறையிட வழியில்லை என்றால் 13. இதே முறைப்பாட்டை உள்ளூர்க் கோர்ட்டிலும் சாரமாகவாவது எழுப்பியிருக்க வேண்டும். எண்ணைச் சொல்லாமல் விட்டாலும் பரவாயில்லை, விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த 46 நாடுகளில் ஏதாவது ஒன்றின் ஆட்சிமொழியில் மனுவை எழுதலாம். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. கிராம சேவகர் கடிதம், பொலிஸ் துண்டு, ஐசிஆர்சி அட்டை எதுவானாலும் மொழிபெயர்ப்பைச் சேர்த்து வையுங்கள். அசலை அனுப்பவே கூடாது. மனுவைத் தள்ளினால் ஒரு வருஷத்தில் முழுக் கோப்பையும் அழித்துவிடுவார்கள். ஸ்டேப்ளர் அடிக்காமல், ஒட்டாமல், கட்டாமல், பக்க எண் மட்டும் போட்டு அனுப்புங்கள். சட்டத்தரணி இருந்தால் அவரும் நீங்களும் இருவருமே மையால் கையெழுத்து வைக்க வேண்டும்.

பெயர் விஷயம் முக்கியம். இந்தக் கோர்ட்டின் தீர்ப்புகள் இணையத்தில் எல்லோரும் வாசிக்கக்கூடியவை. பெயரைத் தட்டினால் வந்துவிடும், ஊரில் இருக்கிற புலனாய்வுக்காரருக்கும் வந்துவிடும். பெயரை வெளியிட வேண்டாம் என்று படிவத்தோடு சேர்த்து, காரணத்தோடு கேளுங்கள். மேலே சொன்ன என்.ஏ.யும் ஆர்.ஜே.யும் எழுத்துகளாக நிற்பது அப்படித்தான். ஆனால் கோர்ட்டுக்கு உங்கள் உண்மைப் பெயர் கொடுத்தேயாக வேண்டும். மொட்டைக் கடிதத்தை எடுக்கமாட்டார்கள்.

நாளைக்கே பிளேன் என்றால்

மனு போட்டதும் நாடுகடத்தல் நிற்காது. அதை நிறுத்தக் கோர்ட்டின் 39ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. திருத்த முடியாத தீங்கு வரப்போகிறது என்று காட்டினால், விசாரித்து முடிக்கும் வரை அனுப்பாதே என்று அந்த நாட்டுக்குச் சொல்வார்கள். நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்பதைக் கோர்ட் 2005இல் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. 2007, 2008இல் லண்டனில் இருந்து திருப்பி அனுப்ப இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழருக்கு இந்த விதி பிரயோகிக்கப்பட்டது. 2022 ஜூனில் லண்டனில் இருந்து ருவாண்டாவுக்குப் போக இருந்த விமானம் கிளம்பாமல் நின்றதற்கும் இதே விதிதான் காரணம்.

இதற்கு மட்டும் தபாலை நம்பியிருக்க வேண்டாம், ஃபாக்ஸ் அல்லது கோர்ட்டின் இதற்கான தனித் தளம் இருக்கிறது. ஈமெயில் எடுக்கமாட்டார்கள். விமானத் திகதி, நேரம், இலக்கம் எல்லாம் தெளிவாக எழுதுங்கள். எல்லா உள்ளூர் முடிவுகளையும் சேருங்கள். "விபரம் பிறகு அனுப்புகிறேன்" என்று எழுதினால் அந்தப் "பிறகு" வராது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை விமானத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள், முடிந்தவரை ஒரு முழு வேலை நாளாவது கொடுங்கள். கடைசி உள்ளூர் முடிவு இன்றோ நாளையோ வரும், வந்த உடனே ஏற்றிவிடுவார்கள் என்றால், அதைச் சொல்லி முன்னதாகவே கேட்கலாம். 39ஆம் விதியை மறுத்தார்கள் என்றால் கேஸையே மறுத்தார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் அதைக் கேட்டதால் நாலு மாதக் கணக்கு நின்றுவிடவும் இல்லை.

காசும் எதிர்பார்ப்பும்

கோர்ட்டுக்குக் கட்டணம் ஒரு சதமும் இல்லை. தொடக்கத்தில் சட்டத்தரணி கட்டாயமும் இல்லை. மனுவை அரசாங்கத்துக்கு அறிவித்த பிறகுதான் பொதுவாகச் சட்டத்தரணி வேண்டும். அப்போது வசதியில்லாதவர்கள் சட்ட உதவிப் பணம் கேட்கலாம். என்னைக் கேட்டால், முடிந்தால் முதலிலிருந்தே இந்த விஷயம் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடமோ அகதிகளுக்கு இலவசமாக உதவுகிற அமைப்பிடமோ காட்டுவது நல்லது. "ஸ்ட்ராஸ்பூரில் போட்டால் விசா" என்று காசு கேட்கிறவர்களிடம் கையெழுத்து வைக்காதீர்கள். அந்தக் கோர்ட் விசா கொடுப்பதில்லை. நேரே ரயிலேறி வாசலில் போய் நின்றாலும் கேஸ் ஒரு நாள்கூட முந்தாது. எல்லாம் எழுத்தில்தான்.

வருகிற மனுக்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஏற்கப்படாமலே போகின்றன. கனவற்றைத் தனி நீதிபதி ஒருவரே தள்ளிவிடுவார். அதற்கு அப்பீல் கிடையாது. உள்ளூர்க் கோர்ட் சட்டத்தைப் பிழையாக விளங்கியது என்று மட்டும் எழுதினால் நிச்சயம் அதில்தான் சேரும். இது இன்னொரு அப்பீல் கோர்ட் இல்லை. ஏற்றுக்கொண்டாலும் வருஷக்கணக்கில் ஆகலாம். அதற்கிடையில் வீடு மாறினால் உடனே எழுதி அறிவியுங்கள். கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், இவருக்கு இனி அக்கறை இல்லை என்று பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அவர்கள் அனுப்புகிற பார்கோட் ஸ்டிக்கரை ஒவ்வொரு கடிதத்திலும் ஒட்டுங்கள்.

விமானம் ஏற்றிவிட்டார்கள் என்றாலும் கேஸ் செத்துவிடாது. சுவிஸ் 2013 ஓகஸ்டில் திருப்பி அனுப்பிய ஒரு தமிழரைக் கொழும்பு விமான நிலையத்திலேயே பிடித்துத் தடுப்பில் வைத்துத் துன்புறுத்தினார்கள். 2015இல் சுவிஸ் அவரைத் திரும்ப எடுத்தது. 2017 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பூர் அந்த நாட்டைக் குற்றம் கண்டு 30,000 யூரோ கொடுக்கச் சொன்னது. தீர்ப்பில் அவர் பெயர் எக்ஸ். அதனால் தடுப்பு முகாமுக்குப் போகும் முன்பே படிவத்தின் அதிகாரப் பகுதியில் கையெழுத்து வைத்துச் சட்டத்தரணியிடம் கொடுத்துவிடுங்கள். ஊரில் உங்களைத் தொடர்புகொள்ள ஒன்றுக்கு இரண்டு போன் இலக்கங்களையும் கொடுங்கள். ஒன்று கட்டாயம் உங்கள் போனில் சேமிக்காத இலக்கமாக இருக்கட்டும், ஏனென்றால் விமான நிலையத்தில் முதலில் பறிப்பது போனைத்தான்.